வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்

1

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏரிக்கரையில் சிவப்பு இலை உதிரும் அழகு, பனி விழும் அழகு என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் வேறு பக்கம் போய்விடலாம். இங்கே இருப்பது அட்டைப் பெட்டிகளும் அவற்றுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் நானும்தான்.

டொராண்டோவுக்குப் பக்கத்தில் ஒரு அடுக்கு மாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கணவர் பிரபு, மகன் ஆதவன், மகள் இனியா, நான். ஆதவன் மூன்றாம் வகுப்பு முடிக்கப் போகிறான். இனியா இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை, வரும் செப்டம்பரில் சேர்க்க வேண்டும். பிரபுவின் கம்பெனி தன் அலுவலகத்தை எட்மன்டனுக்கு மாற்றுகிறது. எட்மன்டன் என்பது பக்கத்துத் தெரு இல்லை. நாட்டின் இந்தக் கோடியிலிருந்து கிட்டத்தட்ட அந்தக் கோடி. காரில் போனால் நாள் கணக்கில் மேற்கே போய்க்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், திருவண்ணாமலையில் கிளம்பியவர் காஷ்மீரைத் தாண்டியும் வண்டியை நிறுத்த முடியாது.

இந்தச் செய்தி எனக்கு எப்படித் தெரியவந்தது என்றால், திருவண்ணாமலையில் இருக்கும் என் ஓரகத்தி போன் செய்து, "எட்மன்டன்ல குளிரு இன்னும் ஜாஸ்தியாமே மதி, புள்ளைங்களுக்கு ஸ்வெட்டர் வாங்கிட்டியா?" என்று கேட்டபோதுதான். பிரபு அண்ணனிடம் முதலில் பேசிவிட்டார். என்னிடம் அன்று சாயங்காலம் சொல்வதாக இருந்தாராம். நான் அப்போது காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினேன் என்பதை என் நல்ல குணத்துக்குச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

2

பிரபுவின் அண்ணனை நான் மாமா என்றும், அவர் மனைவியான அந்த ஓரகத்தியை அக்கா என்றும் கூப்பிடுவேன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக வந்த நகரில் வீடு கட்டியிருக்கிறார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் சென்னையில் வேலைக்குப் போய்விட்டான். கீழே மூன்று அறை, மேலே இரண்டு அறை, நடுவில் மாமாவும் அக்காவும். ஆபீஸ் போய்விட்டதால் கோப்பு பார்க்க ஆளில்லை. அதனால் எங்கள் குடும்பத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

மாற்றலுக்கு லாரியைப் பிரபுவின் கம்பெனியே ஏற்பாடு செய்தது. ஜூன் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை என்று தேதியும் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு கிளம்பலாம், எனக்கு வசதியாக இருந்தது. பிரபு வழக்கம்போல் அண்ணனிடம் சொன்னார். மறுநாள் காலை நான் பிள்ளைகளுக்குத் தோசை ஊற்றும்போது வேங்கிக்காலிலிருந்து வீடியோ வந்தது. அங்கே சாயங்காலம். மாமா கையில் அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து வைத்திருந்தார்.

"வெள்ளிக்கெழம மேற்க சூலம்மா," என்றார். "அன்னிக்கு அந்தப் பக்கம் கால வெக்கக் கூடாது. வியாழக்கெழம கெளம்பிடுங்க."

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிழமைக்கு ஒரு திசையில் சூலம் என்று கணக்கு. திங்களும் சனியும் கிழக்கே, செவ்வாயும் புதனும் வடக்கே, வியாழன் தெற்கே, வெள்ளியும் ஞாயிறும் மேற்கே. அன்றைக்கு அந்தத் திசையில் பயணம் தொடங்கக் கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் பரிகாரமாக ஏதாவது வாயில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். மேற்குக்கு வெல்லம். தினசரி காலண்டரில் ராகு காலத்துக்குப் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இது மனப்பாடம்.

வெல்லம் வாயில் போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டைக் காலி செய்துகொண்டு போகும் பயணத்துக்குப் பரிகாரம் எல்லாம் போதாதாம். பிரபு தலையாட்டினார். ஆட்டிய தலை அவருடையது, போன் பிடிக்க வேண்டிய காது என்னுடையது. லாரி கம்பெனிக்குப் போன் செய்து, ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு, காத்திரு என்று பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெண் வந்தார். வியாழக்கிழமை சின்ன லாரிதான் இருக்கிறது என்றார். சின்ன லாரிக்குச் சாமான் அடங்க வேண்டுமே என்று கட்டிய பெட்டிகளைப் பிரித்து, பிள்ளைகளின் சைக்கிள்களையும் என் தையல் மெஷினையும் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தேன். ஆதவன் சைக்கிளுக்காக அழுதான். அவனுக்குச் சூலத்தை ஆங்கிலத்தில் விளக்க முயன்றேன். மேற்குத் திசையில் ஆணி அடித்திருக்கிறார்களா என்று கேட்டான். பேசாமல் போய்ப் படி என்றேன்.

3

நான் இங்கே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியை. பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்துவிடுகிற வேலை என்று ஊரில் நினைக்கிறார்கள். இதற்கு ஒரு படிப்பு, அதற்கு மேல் ஒரு லைசென்ஸ். அந்த லைசென்ஸ் இந்த மாகாணத்தோடு சரி. எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் மறுபடியும் முதலிலிருந்து. ஊரில் நான் படித்த கல்லூரியிலிருந்து சான்றிதழை அவர்களே உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்தி, நேரடியாக அனுப்ப வேண்டும். கல்லூரிக்குப் போன் செய்தால் அந்த முத்திரை வைத்திருப்பவர் லீவு என்கிறார்கள். எப்போது வருவார் என்று கேட்டால், வந்தால்தான் தெரியும் என்கிறார்கள்.

ஆதவனைப் புதுப் பள்ளியில் சேர்க்க எட்மன்டனில் வீட்டு முகவரிக்கு அத்தாட்சி வேண்டும். வீடு கொடுக்கிறவர் இரண்டு பேருடைய வேலைக் கடிதமும் வேண்டும் என்கிறார். எனக்கு வேலை கிடைக்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் விண்ணப்பத்தில் எட்மன்டன் முகவரி கேட்கிறார்கள். இந்த வட்டத்துக்குப் பக்கத்தில் நம் ஊர் கிரிவலம் எவ்வளவோ தேவலை. பதினான்கு கிலோமீட்டர் நடந்தால் கிளம்பிய இடத்துக்கு வந்துவிடலாம், வழியில் மோராவது கிடைக்கும்.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்குத் திசை தப்பாது. மலையைச் சுற்றி எட்டுத் திக்குக்கும் ஒரு லிங்கம். கிழக்கே இந்திரன், தெற்கே எமன், மேற்கே வருணன், வடக்கே குபேரன். பள்ளிக்கூடத்தில் திசை சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே எங்களுக்கு அது காலில் ஏறியிருந்தது. இங்கே வந்து எட்டு வருடம் ஆகிறது, இன்னமும் புது இடத்துக்குப் போனால் முதலில் கிழக்கு எது என்று பார்க்காமல் எனக்கு உட்கார வராது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட என்னையே திசையை வைத்து ஏமாற்றப் பார்த்தார்கள். அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

4

கிளம்புவதற்கு முந்தின வாரம் மாமாவிடமிருந்து அடுத்த உத்தரவு வந்தது. வியாழக்கிழமை மேற்கே சூலம் இல்லையே தவிர, நாள் அவ்வளவு விசேஷமில்லையாம். நல்ல நாளில் கிளம்ப முடியாவிட்டால், அந்த நல்ல நாளில் ஒரு பெட்டியை மட்டும் எடுத்து வெளியே, வேறு வீட்டில் வைத்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். பெட்டி வீட்டை விட்டு இறங்கிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு சௌகரியப்பட்ட நாளில் ஆள் போகலாம். பிரபு முதல்முதலாக இந்த நாட்டுக்கு வந்தபோது அவர் பெட்டி நாலு நாள் எதிர்வீட்டு ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் தூங்கியது.

"இந்த வாரம் வெள்ளிக்கெழம காலைல ஒம்பதேகாலுக்கு மேல பத்தேகாலுக்குள்ள நல்ல நேரம். பாப்பா துணிமணியெல்லாம் ஒரு பெட்டில போட்டு எதுத்த வூட்ல குடுத்துடும்மா," என்றார் மாமா. "ஒருதரம் வெச்சிட்டா திருப்பி உள்ள எடுத்தாரக் கூடாது. அது ஆகாது, தெரியுமில்ல?"

எதற்குப் பாப்பா துணி மட்டும் என்று கேட்டேன். வீட்டில் சின்ன உயிர் எதுவோ அதன் துணியைத்தான் வைக்க வேண்டும் என்றார். எனக்கு அப்படி ஒரு வழக்கம் தெரியாது. ஆனால் தலைக்கு மேல் வேலை. வழக்கத்தை விசாரித்துக்கொண்டிருந்தால் சமையலறையை யார் கட்டுவது? வெள்ளிக்கிழமை காலை இனியாவின் துணிகளை மடித்து அவளுடைய நீலப் பெட்டியில் அடுக்கினேன்.

பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைக்குத் தலைவாரிக்கொண்டிருந்த இனியா, பெரியப்பா வீட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளிப்பச்சைப் பாவாடை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் தமிழ் கேட்பாள், பேசமாட்டாள். பிரபு போனை அவளிடம் கொடுத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவார், மாமாவும் அவளும் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள். யாருடைய பாவாடையையோ பார்த்திருப்பாள் என்று நினைத்து, சரி கண்ணு என்றேன். காதில் வாங்கினேனே தவிர மண்டையில் ஏற்றவில்லை.

எதிர் வீட்டில் லிண்டா என்கிற பிலிப்பைன்ஸ் அம்மா இருக்கிறார். பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு வாரம் இருக்கட்டும் என்றேன். உங்கள் வீட்டில் இடம் இல்லையா என்று கேட்டார். இடம் இருக்கிறது, ஆனால் பெட்டி எங்கள் வீட்டில் இருக்கக் கூடாது என்றேன். லிண்டா என்னையும் பெட்டியையும் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே தடை செய்யப்பட்ட பொருள் ஏதும் இல்லையே என்றார். திறந்து காட்டினேன். குட்டி ஜட்டிகளைப் பார்த்ததும் சிரித்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

5

சின்னக் குழந்தையின் துணியை மட்டும் தனியாகப் பெட்டியில் அடுக்கும்போது என் கை ஒரு நிமிடம் நின்றது உண்மை. அதற்குக் காரணம் என் தங்கை கலா.

எங்கள் அப்பா செங்கம் ரோட்டில், ஆசிரமம் பக்கம், ஒரு விருந்தினர் விடுதிக்குக் காவல்காரராக வந்து சேர்ந்தார். அம்மாவுக்கு அங்கேயே அறைகளைப் பெருக்கித் துடைக்கும் வேலை. மாடிப்படிக்குக் கீழே எங்களுக்கு ஒரு அறை. தங்க வருகிறவர்கள் வெளிநாட்டுக்காரர்கள், தியானத்துக்கு வருகிறவர்கள், அமைதி வேண்டும். கலாவுக்கு அப்போது இனியா வயது. காரணமே இல்லாமல் அழும் வயது. விடுதிக்காரர் இரண்டு தடவை பார்த்தார், மூன்றாவது தடவை அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பெரியவள் இருக்கட்டும், சின்னவளை வேறு எங்காவது விடுங்கள் என்று.

கீழ்பென்னாத்தூரில் அத்தை வீட்டில் விட்டார்கள். ஒரு வருஷம்தான், வேறு வீடு பார்த்ததும் கூட்டிக்கொள்ளலாம் என்றார்கள். பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் இறங்கிவிடலாம், அவ்வளவுதான் தூரம். வேறு வீடும் பார்த்தார்கள். அதற்குள் அவள் அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள், நடுவில் எதற்குப் படிப்பைக் கெடுப்பது என்றார்கள். பிறகு அத்தைக்கு அவள் இல்லாமல் முடியாது என்றார்கள். பிறகு அத்தை மகனுக்கே கட்டிக் கொடுத்தார்கள். இன்று அவள் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போடும் வீட்டு மருமகள். குறை ஒன்றும் இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

நான் அம்மாவை வாடி போடி என்று சொல்லாத குறையாகச் சண்டை போடுவேன். கலா சண்டையே போடமாட்டாள். அம்மா அவள் வீட்டுக்குப் போனால் எழுந்து நிற்பாள். "வாங்க, உக்காருங்க, காப்பி சாப்புடறீங்களா?" என்று கேட்பாள். பெற்ற தாயிடம். அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு வருவாள்.

இதில் எனக்கு இன்றும் ஆறாத ஒன்று உண்டு. அதே விடுதி மாடியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் கைக்குழந்தை இருந்தது. அது நாளெல்லாம் வீல் வீலென்று கத்தும். யாரும் அதை எங்கேயும் அனுப்பச் சொல்லவில்லை. விடுதிக்காரர் அதற்குக் கிலுகிலுப்பை வாங்கிக் கொடுத்தார்.

6

திங்கட்கிழமை லாரி கம்பெனியிலிருந்து போன் வந்தது. அதே பெண். வியாழக்கிழமைதானே, உறுதி செய்துகொள்கிறேன் என்றார். நல்ல மனுஷி. வெள்ளிக்கிழமைப் பெரிய லாரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, எதற்கு அதை விட்டுவிட்டுச் சின்னதில் அடைக்கிறீர்கள் என்று கேட்டார். ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். அலுப்பில் உண்மையைச் சொன்னேன். எங்கள் வழக்கப்படி வெள்ளிக்கிழமை மேற்கே பயணம் தொடங்கக் கூடாது என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார். "அப்படியானால் வெள்ளிக்கிழமை எந்தப் பக்கம் போகலாம்?"

வடக்கே போகலாம், தெற்கே போகலாம், கிழக்கே போகலாம் என்றேன். கிழக்கே என்று சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை மேற்கே ஆகாது என்று லாரியையே மாற்ற வைத்த மனிதர், மேற்கே போகும் பயணத்துக்கு வெள்ளிக்கிழமை பெட்டி வைக்கச் சொல்வாரா? உயிரே போனாலும் சொல்லமாட்டார். அப்படியென்றால் அந்தப் பெட்டி மேற்கே போகும் பெட்டி இல்லை. எங்களுக்குக் கிழக்கே என்ன இருக்கிறது? விமான நிலையம் இருக்கிறது, கடல் இருக்கிறது, அதையும் தாண்டினால் சென்னை இருக்கிறது. சென்னையிலிருந்து காரில் ஏறினால் வேங்கிக்கால். பாப்பா துணி மட்டும். கிளிப்பச்சைப் பாவாடை.

அந்தப் பெண்ணிடம் பிறகு பேசுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பிரபு உள்ளே புத்தகப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். இனியா எங்கே போகிறாள் என்று மட்டும் கேட்டேன். அவருக்குப் பொய் சொல்ல வராது, அதை அவருடைய நல்ல குணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். டேப்பைக் கீழே வைத்தார். அவருடைய ஆபீஸ் நண்பர் குடும்பம் புதன்கிழமை சென்னைக்கு விமானம் ஏறுகிறது. அவர்களோடு இனியாவை அனுப்புவது. மாமா சென்னைக்கு வந்து கூட்டிக்கொண்டு போவார். வேங்கிக்கால் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கியாகிவிட்டது. அக்கா அளவு சொல்லிச் சீருடையும் தைக்கக் கொடுத்துவிட்டார்.

"ஒரு வருஷம்தான் மதி," என்றார் பிரபு. "நீ லைசென்ஸ் வாங்கி வேலைக்குப் போற வரைக்கும். அங்க மேல ரூம் சும்மாதான் கெடக்குது."

"எங்கிட்ட எப்ப சொல்றதா இருந்தீங்க?"

"பெட்டி வெச்சதுக்கு அப்பறம் சொல்லிக்கலாம்னு அண்ணன் சொன்னாரு."

எல்லாம் விளங்கிவிட்டது. இந்த நாட்டில் அம்மா அப்பா இரண்டு பேரும் கையெழுத்துப் போடாமல் குழந்தையை மற்றவர்களோடு விமானத்தில் ஏற்றவிடமாட்டார்கள். எப்படியும் என்னிடம் வந்துதான் ஆக வேண்டும். வெறுங்கையோடு வந்தால் நான் துரத்திவிடுவேன் என்று மாமாவுக்குத் தெரியும். அதனால் முதலில் பெட்டி. வைத்த பெட்டியைத் திருப்பி எடுத்தால் குழந்தைக்கு ஆகாது என்ற பயம் எனக்குள் இருக்கும், அந்தப் பயமே கையெழுத்துப் போட்டுவிடும். என்னை என் கையாலேயே, என் மகள் துணியை மடிக்க வைத்து, கட்டிப்போடப் பார்த்திருக்கிறார்கள். முப்பது வருடம் அரசாங்கத்தில் கோப்பு நகர்த்தியவர் என்றால் சும்மாவா?

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற பெரியவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். உதவி செய்கிறோம் என்றுதான் நினைக்கிறீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. மாமா கெட்டவர் இல்லை. அக்கா என் இனியாவைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்வார், அதிலும் சந்தேகமில்லை. ஆனால் குழந்தை என்ன, கொஞ்ச நாள் உங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று கொடுக்கிற இட்லிக் குண்டானா? பத்து மாதம் சுமந்தவளிடம் கேட்கத் தோன்றவில்லை, காலண்டர் தாளிடம் கேட்கத் தோன்றியிருக்கிறது. இங்கே எத்தனை வீடுகளில் பார்த்துவிட்டேன். குழந்தையை ஊரில் விட்டுவிட்டு, வாரா வாரம் திரையில் முத்தம் கொடுத்து, திரும்பி வரும்போது அது யாரோ ஆன்ட்டியைப் பார்ப்பதுபோல் பார்ப்பதை. தாயும் உழைத்தாள், பாட்டி வீட்டிலும் சோறு போட்டார்கள், யார்மேலும் பழி சொல்ல முடியாது. குழந்தை மட்டும் நடுவில் எங்கேயோ தவறிப்போயிருக்கும்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். விஷயம் அவளுக்கு முன்பே தெரியும். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். "என்னப் போயி எதுக்குடி கேக்கற?" என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்துவிட்டாள்.

7

நேராக எதிர் வீட்டுக்குப் போனேன். லிண்டா நீலப் பெட்டியைச் சன்னலோரம் வைத்து அதன்மேல் ஒரு பூந்தொட்டியை வைத்திருந்தார். ஒரு வாரம் என்றீர்களே என்றார். போதும் என்றேன். தொட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் கூடத்தின் நட்டநடுவில் வைத்தேன். ராகு காலமா, எமகண்டமா என்று பார்க்கவில்லை. பயமாக இருந்ததா என்றால், இருந்தது. எட்டு வருடம் என்ன, எண்பது வருடம் ஆனாலும் அந்தப் பயம் போகாது. இனியாவைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்ட பிறகுதான் மூச்சு வந்தது.

பிறகு வேங்கிக்காலுக்குப் போன் செய்தேன். மாமா எடுத்தார். என் நல்லதுக்குத்தான் என்று தொடங்கினார், புது இடம், குளிர், வேலை இல்லை, இரண்டு குழந்தைகள் என்று அடுக்கினார். முழுவதும் கேட்டேன்.

"பெட்டிய உள்ள எடுத்தாந்துட்டேன் மாமா," என்றேன்.

அப்படிச் செய்திருக்கக் கூடாது, குழந்தைக்கு ஒன்று என்றால் யார் பொறுப்பு என்றார். நான்தான் பொறுப்பு, அதைத்தான் சொல்ல வந்தேன் என்றேன். அக்கா போனை வாங்கி, துணி வெட்டித் தைத்தாகிவிட்டதே என்று சொன்னார். தெரிந்த பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். அக்காவுக்காக வருத்தப்பட்டேன், ஆனாலும் கோபம் கொஞ்சமும் கம்மியாகவில்லை.

அடுத்த போன் லாரிக்காரப் பெண்ணுக்கு. அந்த வெள்ளிக்கிழமைப் பெரிய லாரி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. உங்கள் வழக்கம் என்ன ஆயிற்று என்றார். வழக்கத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்திவிட்டார்கள், அதனால் நான் கொஞ்ச நாள் விலகி இருக்கிறேன் என்று சொன்னேன். ஆதவனின் சைக்கிளைக் கொடுத்த வீட்டுக்குப் போய்த் திருப்பிக் கேட்டேன். கேட்கக் கூசியது, இருந்தாலும் கேட்டேன்.

பிரபு அந்த வாரம் முழுக்க என்னோடு அளந்துதான் பேசினார். வெள்ளிக்கிழமை காலை லாரி முன்னால் போக, நாங்கள் காரில் ஏறினோம். வண்டியைக் கிளப்புவதற்கு முன் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். வெல்லம். தான் ஒரு துண்டு போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்து, என் பக்கம் நீட்டினார். "தப்புதான் மதி," என்றார். எனக்கு வேண்டாம் என்றேன். மன்னிக்க நாளாகும், அதற்கு அவர் காத்திருக்கட்டும். நீலப் பெட்டி லாரியில் ஏறவில்லை. இனியாவுக்கும் ஆதவனுக்கும் நடுவில் பின் சீட்டில் இருந்தது.

ஊர் எல்லையைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியபோது என் போன் அடித்தது. வீடியோ. கீழ்பென்னாத்தூரிலிருந்து கலா. அவளாக எனக்குப் போன் செய்ததே இல்லை, பொங்கலுக்கும் நான்தான் கூப்பிட வேண்டும். பின்னால் களத்தில் கடலைக்கொடி குவித்திருந்தது. சொந்தத்துக்குள் செய்தி அவள் வரைக்கும் போயிருக்கிறது.

நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"பாப்பா உங்கூடத்தான வருது?" என்றாள்.

போனைப் பின் சீட்டுப் பக்கம் திருப்பினேன். வெல்லம் ஒட்டிய வாயோடு, நீலப் பெட்டிமேல் கன்னத்தை வைத்து, இனியா தூங்கிக்கொண்டிருந்தாள். கை வலிக்க வலிக்க அப்படியே பிடித்திருந்தேன். கலா போனை வைக்கவே இல்லை.